மைக்ரோசாஃப்ட் 365-இல் டொமைன் நிர்வாகிப் பொறுப்பு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் தொடுவது

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி நிறுவனங்கள், தோட்டங்களுக்கு உரமும் மருந்தும் கொடுக்கும் கடைகள், சிறு குத்தகைக்காரர்கள் என்று பலரும் இலவச மின்னஞ்சலை விட்டுச் சொந்த டொமைனுக்கு, அதாவது @ குறிக்குப் பின்னால் நிறுவனத்தின் பெயரே வரும் முகவரிக்கு மாறி, மெயிலை மைக்ரோசாஃப்ட் 365 சேவையில் வைத்துக்கொள்கிறார்கள். மாற்றும் வேலை பெரும்பாலும் ஆபீசில் கணினி கொஞ்சம் தெரிந்த ஒருவர் தலையில்தான் விழுகிறது. கணக்கு எழுதும் பெண்ணாக இருக்கலாம், முதலாளியின் மகனாக இருக்கலாம். இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

இதில் கடினமான படி என்று எதுவும் இல்லை. தடுமாற்றம் எல்லாம் வரிசையில்தான் வருகிறது. அதனால் ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். டாட் எம்ஒய் பெயர்களுக்கு மைனிக்தான் பதிவகம். நீங்கள் வாங்குவது பெரும்பாலும் அதன் மறுவிற்பனையாளர் ஒருவரிடம். டாட் காம் டாட் எம்ஒய் பெயர் வேண்டுமென்றால் மலேசியாவில் பதிவான நிறுவனமாக இருக்க வேண்டும், எஸ்எஸ்எம் என்ற மலேசிய நிறுவனப் பதிவு ஆணையத்தின் பதிவுப் பத்திரம் கேட்பார்கள். ஆனாலும் தொடர்பு ஆள் என்ற இடத்தில் வெப்சைட் செய்து கொடுத்தவரின் பெயரும் மின்னஞ்சலும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். டொமைன் பதிவு என்பது நிலப் பட்டா மாதிரி. வீட்டுச் சாவி உங்களிடம் இருந்தாலும் பட்டா அடுத்தவர் கையில் இருந்தால் என்றைக்கு இருந்தாலும் தொல்லைதான். முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தச் சில நாள் ஆகலாம், அதனால்தான் இது முதல் வேலை.

தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த முகவரியும் சேர்ந்து நின்றுவிடும். புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் கடவுச்சொல் மீட்கும் கடிதமும் எங்கே வந்து சேரும்? வேறு டொமைனில் ஒரு முகவரி, அதுவும் இரண்டு பேர் திறந்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்.

இரண்டாவது, டிஎன்எஸ் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். உங்கள் டொமைனின் வெப்சைட் எந்த சர்வரில், மெயில் எந்த சர்வரில் என்று சொல்லும் பட்டியல்தான் டிஎன்எஸ், அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்டு. டொமைன் வாங்கிய இடமும் டிஎன்எஸ் ரெக்கார்டுகள் இருக்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பதிவுப் பக்கத்தில் நேம் சர்வர் என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள், அந்தப் பட்டியலை வைத்திருக்கும் சர்வரின் பெயர் அங்கே இருக்கும். அது வெப்சைட் இருக்கும் ஹோஸ்டிங்கைக் காட்டினால் ரெக்கார்டுகளை அங்கேதான் மாற்ற வேண்டும். டொமைன் வாங்கிய பக்கத்தில் போய் மாற்றிவிட்டு இரண்டு நாள் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது, இப்போது உங்கள் டொமைன் பெயரில் யார் யார் மின்னஞ்சல் அனுப்புகிறார்கள் என்று ஒரு பட்டியல். ஆட்கள் மட்டும் அல்ல. பில் அனுப்பும் கணக்கு மென்பொருள், வெப்சைட்டில் உள்ள தொடர்புப் படிவம், ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பும் போட்டோஸ்டேட் இயந்திரம், சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள் எல்லாம் இதில் வரும். இந்தப் பட்டியல் ஆறாவது படியில் தேவைப்படும். அப்போது உட்கார்ந்து யோசித்தால் ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

நான்காவது, யாராவது பாப் முறையில் மெயில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். பழைய ஆபீஸ் கணினிகளில் அவுட்லுக் பெரும்பாலும் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கும். அந்த முறையில் வழக்கமாகக் கடிதங்கள் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து அழிந்துவிடும். சர்வரிலிருந்து பழைய மெயிலை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. அந்தக் கணினியில் உள்ள அவுட்லுக் கோப்பைத் தனியாக நகல் எடுத்து வையுங்கள்.

2. மேல் பொறுப்பில் இருவர், அவசரத்துக்குத் தனிக் கணக்கு

மைக்ரோசாஃப்ட் 365 தொடங்கும்போது பதிவு செய்தவர் தானாகவே குளோபல் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆகிவிடுவார். எல்லா அதிகாரமும் அவருக்கு உண்டு. அவர் ஒருவர் மட்டும் இருந்து, அவர் கைபேசியும் தொலைந்துவிட்டால் நிறுவனமே வெளியில் நிற்கும். அதே சமயம் ஆபீசில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்தப் பொறுப்பைக் கொடுப்பதும் தவறு. ஐந்துக்கும் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது மைக்ரோசாஃப்ட் தரும் பரிந்துரை. சிறு நிறுவனத்துக்கு இரண்டு பேர் போதும்.

இவர்களைத் தவிர அவசரத்துக்கு மட்டும் இரண்டு கணக்குகள் உண்டாக்கி வையுங்கள். அவை ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம் என்று முடியும் முகவரியில் இருக்க வேண்டும். அந்த முகவரி சேவையோடு வருவது, அதை யாரும் நீக்க முடியாது. உங்கள் சொந்த டொமைனில் ஏதாவது குளறுபடி ஆனாலும் இந்தக் கணக்கால் உள்ளே போகலாம். நிர்வாகக் கணக்குக்கு லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை, அதனால் கூடுதல் செலவும் இல்லை.

மைக்ரோசாஃப்ட் 365-இன் நிர்வாகப் பக்கமான அட்மின் சென்டருக்குள் நுழைய இரண்டடுக்குச் சரிபார்ப்பை 2025 பிப்ரவரியிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அவசரக் கணக்குக்கும் விலக்கு இல்லை. அதற்கு ஒருவருடைய கைபேசியை நம்புவதைவிட யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி ஒன்று வாங்கி இரும்புப் பெட்டியில் வைப்பது நல்லது.

3. டொமைன் பொறுப்பை ஒப்படைப்பது

இப்போதுதான் டொமைன் நேம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பொறுப்பு. இதைக் கொடுக்க குளோபல் அட்மினோ பொறுப்புகளைப் பங்கிடும் பிரிவிலேஜ்டு ரோல் அட்மினோ வேண்டும். அட்மின் சென்டரில் ரோல்ஸ், அதற்குள் ரோல் அசைன்மெண்ட்ஸ் என்று போய், பட்டியலில் இந்தப் பெயரைத் தேடித் திறந்து, ஆளைச் சேர்க்க வேண்டும்.

அன்றாடம் மெயில் படிக்கும் கணக்குக்கு இதைக் கொடுக்காதீர்கள். டொமைன் வேலைக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உண்டாக்கி அதற்குக் கொடுங்கள். மெயில் படிக்கும் கணக்கில்தான் மோசடி இணைப்புகள் வருகின்றன. அதில் ஒன்றைத் தெரியாமல் அழுத்தினாலும் டொமைன் பத்திரமாக இருக்கும்.

இந்தப் பொறுப்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். டொமைனைச் சேர்க்கலாம், சரிபார்க்கலாம், மாற்றலாம், நீக்கலாம். பயனர்கள், குழுக்கள் பற்றிய விவரங்களைப் பார்க்கலாம். அவ்வளவுதான். "அண்ணே, டொமைன் எல்லாம் பச்சையா காட்டுது, ஆனா புது மெயில் உண்டாக்க பட்டனே இல்லையே" என்று கேட்டு வரும் அழைப்புகளுக்குப் பதில் இதுதான். புதுப் பயனரை உண்டாக்கி லைசென்ஸ் கொடுக்க யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டும். பொதுப் பெட்டிகளையும் மெயில் விதிகளையும் அமைக்க எக்ஸ்சேஞ்ச் அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டும். அவர்களாலும் டொமைனைத் தொட முடியாது.

ஒரே ஆள் மூன்றையும் செய்ய வேண்டியிருந்தால் மூன்று பொறுப்புகளையும் அவருக்குக் கொடுங்கள். "எதற்கு வம்பு, குளோபல் அட்மினே கொடுத்துவிடலாம்" என்று போகாதீர்கள். மூன்றும் சேர்ந்தாலும் குளோபல் அட்மின் அளவுக்கு வராது.

இன்னொரு விஷயம், இதைச் சின்னப் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு டொமைனின் உள்நுழைவை வேறொரு அடையாளச் சேவைக்கு மாற்றிவிடும் ஃபெடரேஷன் அமைப்பும் இதற்குள்தான் வருகிறது. அதைத் தவறான கையில் கொடுத்தால் அந்த டொமைனில் உள்ள யார் பெயரிலும் வெளியாள் உள்ளே வர வழி திறக்கும். வேலைக்கு வந்த வெண்டருக்குக் கொடுத்தால், வேலை முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள். குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மட்டும் பொறுப்பைத் திறந்துவிடும் வசதி உண்டு, ஆனால் அதற்கு மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுச் சேவையான என்ட்ரா ஐடியின் பி2 லைசென்ஸ் வேண்டும். சிறு நிறுவனத்தில் அது இருக்காது. நாள்காட்டியில் குறித்துவைத்து கையால்தான் நீக்க வேண்டும்.

4. டொமைனைச் சேர்த்துச் சரிபார்ப்பது

டொமைன் அட்மின் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ், டொமைன்ஸ், ஆட் டொமைன். பெயரைக் கொடுத்ததும் ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டை, அதாவது வெறும் எழுத்து வரி ஒன்றைக் காட்டும். அதை டிஎன்எஸ்ஸில் போட்டால் டொமைன் உங்களுடையது என்று நிரூபணம் ஆகும். டிஎன்எஸ்ஸை மாற்றக்கூடியவர்தான் உரிமையாளர் என்பது இதற்குப் பின்னால் உள்ள கணக்கு.

மதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்யாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள். பெயர் என்ற கட்டத்தில் @ குறி மட்டும் போடுங்கள். சில ஹோஸ்டிங் பக்கங்கள் டொமைன் பெயரைத் தானாகவே பின்னால் ஒட்டிக்கொள்ளும். நீங்களும் முழுப் பெயரை எழுதினால் அது இரண்டு முறை வந்து, சரிபார்ப்பு எத்தனை முறை அழுத்தினாலும் தோற்கும். சேமித்தபின் பட்டியலில் அது எப்படித் தெரிகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கும்போது இந்த டொமைன் ஏற்கெனவே வேறொரு இடத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று செய்தி வரலாம். பழைய வெண்டர் தன் கணக்கில் சேர்த்து வைத்திருப்பார். இல்லையென்றால் ஆபீசில் யாராவது நிறுவன முகவரியைக் கொடுத்து ஒரு இலவச மைக்ரோசாஃப்ட் சேவையில் பதிவு செய்திருப்பார், அப்போது யாரும் கேட்காமலேயே ஒரு நிறுவனக் கணக்கு உண்டாகியிருக்கும். முதல் வகையில் பழையவர் அங்கிருந்து நீக்கித்தர வேண்டும். இரண்டாவது வகையை டிஎன்எஸ் வழியாக உரிமையை நிரூபித்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

சரிபார்த்து முடிந்ததும் மற்ற ரெக்கார்டுகளையும் இப்போதே சேர்க்கலாமா என்று திரை கேட்கும். இங்கே நிறுத்துங்கள். பிறகு செய்கிறேன் என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். பாதி அமைத்ததாகக் காட்டும், காட்டட்டும். நேம் சர்வரை மாற்றச் சொல்லும் எந்த வழியிலும் போக வேண்டாம். நேம் சர்வரை மாற்றினால் பழைய ரெக்கார்டுகள் எல்லாம் ஒரேயடியாகப் பார்வையிலிருந்து போய், வெப்சைட்டும் சேர்ந்து காணாமல் போகும்.

5. முதலில் பெட்டிகள்

உங்கள் டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. அதைத் தொடும் முன் எல்லாருடைய பெட்டியும் புதிய இடத்தில் தயாராக இருக்க வேண்டும். காரணம் இதுதான். உங்கள் சர்வர் எட்டாத நிலையில் இருந்தால் அனுப்பும் சர்வர் சும்மா விடாது, திரும்பத் திரும்ப முயலும். வழக்கமாக நான்கைந்து நாள் வரை முயன்று பார்க்கும். ஆனால் சர்வர் எட்டி, "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று பதில் சொல்லிவிட்டால் கடிதம் அந்த நொடியே திரும்பிவிடும். ஆலையிலிருந்து வந்த எடைச் சீட்டு அப்படித் திரும்பினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பழைய ஹோஸ்டிங்கில் உள்ள முகவரிகள் எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஆட்களின் பெட்டிகளோடு, வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஃபார்வர்டுகளையும் மறக்காதீர்கள். பொதுவான முகவரிகளுக்கு ஷேர்டு மெயில்பாக்ஸ் போதும், 50 ஜிபி வரை அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை.

பழைய கடிதங்களை, சர்வரில் உள்ள மெயிலைப் படிக்கும் ஐமேப் முறை வழியாக இப்போதே மாற்றத் தொடங்குங்கள். கடிதங்கள் மட்டும்தான் வரும். தொடர்பு எண்களும் நாள்காட்டியும் வராது, அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும்.

6. எஸ்பிஎஃப்பும் டிடிஎல்லும்

உங்கள் பெயரில் யார் யார் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். முதல் படியில் எழுதிய பட்டியல் இங்கே வேலைக்கு வருகிறது. ஏற்கெனவே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டு இருக்கும். புதிதாக இன்னொன்றைப் போடாதீர்கள், இருப்பதற்குள்ளேயே மைக்ரோசாஃப்டின் பகுதியைச் சேருங்கள். ஒரு டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் இருந்தால் இரண்டுமே செல்லாது என்று பெறும் சர்வர் முடிவு செய்துவிடும். ஒன்றோடு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. ஒரு எஸ்பிஎஃப்பைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக் கூடாது. இப்போது பயன்படுத்தாத சேவைகளை வெட்டிவிடுங்கள்.

எம்எக்ஸ்ஸின் டிடிஎல்லை 300 விநாடிக்குக் குறையுங்கள். பழைய பதிலை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதுதான் டிடிஎல். சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள பல ஹோஸ்டிங்குகளில் இது 14400, அதாவது 4 மணி நேரம். குறைத்தாலும் பழைய 4 மணி நேரம் தீர்ந்த பிறகுதான் புதியது நடைமுறைக்கு வரும். அதனால் எம்எக்ஸ் மாற்றும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே குறைத்துவிடுங்கள்.

7. எம்எக்ஸ் மாற்றும் நாள்

நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதனால் மாதத் தொடக்கத்தில் தோட்ட ஆபீசுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் இடையில் செக்ரோல் என்ற வேலையாள் வருகை, சம்பளக் கணக்கும் பில்லும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வாரத்தைத் தொடாதீர்கள். மாத நடுவில் ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சரியாக இருக்கும். ஞாயிறு முழுவதும் பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கும்.

டொமைன்ஸ் பக்கத்தில் காட்டும் எம்எக்ஸ் மதிப்பை நகலெடுத்து, முன்னுரிமை எண் 0 என்று போடுங்கள். அப்புறம் பழைய எம்எக்ஸ் ரெக்கார்டுகளை நீக்குங்கள். "இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு பாதுகாப்புக்கு" என்று விட்டுவைப்பதுதான் இந்தப் படியில் நான் அதிகம் பார்க்கும் பிழை. புதிய சர்வர் ஒரு நிமிடம் தாமதித்தால் கடிதம் பழைய பெட்டிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

சிபேனல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஈமெயில் ரவுட்டிங் என்ற அமைப்பு லோக்கல் என்று இருந்தால் ரிமோட் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் ஒழுங்காக வரும், ஆனால் வெப்சைட் படிவத்திலிருந்து வருவது மட்டும் வராது. வெப்சைட் அதே சர்வரில் இருப்பதால், எம்எக்ஸ்ஸைப் பார்க்காமலேயே பழைய உள்பெட்டியில் போட்டுவிடும். வாடிக்கையாளர் விசாரணை நின்றுபோனதை வாரக்கணக்கில் கவனிக்காமல் இருந்தவர்கள் உண்டு.

ஆட்டோடிஸ்கவர் என்ற சி-நேம் ரெக்கார்டையும் (ஒரு பெயரை வேறொரு பெயருக்குத் திருப்பிவிடும் வரி) இப்போது சேருங்கள். அது இல்லையென்றால் அவுட்லுக் பழைய சர்வரையே தேடிக்கொண்டிருக்கும்.

சோதிக்கும்போது ஆபீஸ் கணினியிலிருந்து உங்களுக்கே அனுப்பிப் பார்ப்பது போதாது, அது உள்ளுக்குள்ளேயே சுற்றி வரும். வெளி முகவரியிலிருந்து, கைபேசி டேட்டாவில் அனுப்புங்கள். பதில் போட்டு அது இன்பாக்ஸில் விழுகிறதா, ஸ்பேமில் விழுகிறதா என்று பாருங்கள். பட்டியலில் உள்ள கணக்கு மென்பொருள், ஸ்கேன் இயந்திரம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதமாவது நிறுத்தாமல் வைத்திருங்கள்.

8. டிகிம், டிமார்க்

மெயில் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். உங்கள் பெயரில் "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று ஒரு போலிக் கடிதம் ஆலைக்குப் போனால், ஒரு மாத லோரி வாடகை வேறொருவன் கணக்கில் விழும். அதைத் தடுக்க உதவுவது இந்த இரண்டும்தான். நீங்கள் அனுப்பும் கடிதத்தில் டிஜிட்டல் கையொப்பம் இடுவது டிகிம், சரிபார்ப்பில் தோற்கும் கடிதத்தை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்வது டிமார்க். அப்படிப் பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

டிகிமுக்கு இரண்டு சி-நேம் ரெக்கார்டுகளைப் போட்டுவிட்டு, மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புப் பக்கமான டிஃபெண்டரில் அதை இயக்க வேண்டும். ரெக்கார்டு போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். இயக்கும் பொத்தான் டொமைன் அட்மினுக்கு உரியது அல்ல, அதற்குத் தனிப் பொறுப்பு உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

டிமார்க்கை ஒரே நாளில் கடுமையாக்காதீர்கள். முதலில் எதையும் தடுக்காமல் அறிக்கை மட்டும் அனுப்பும் நிலையில் வையுங்கள். சில வாரம் அறிக்கையைப் பார்த்தால் நீங்கள் பட்டியலில் விட்ட ஏதாவது ஒரு மென்பொருள் அதில் தலைகாட்டும். அதைச் சரிசெய்த பிறகு, சந்தேகக் கடிதத்தை ஒதுக்கும் நிலைக்கும், கடைசியாக நிராகரிக்கும் நிலைக்கும் போகலாம்.

9. ஆள் மாறும்போது, டொமைனை எடுக்கும்போது

டொமைன் பொறுப்பில் இருந்தவர் வேலையை விட்டால் அட்மின் சென்டரில் பொறுப்பை எடுப்பது பாதி வேலைதான். டொமைன் பதிவுப் பக்கம், டிஎன்எஸ் பக்கம் இரண்டின் கடவுச்சொல்லையும், அவற்றுக்கு ஓடிபி வரும் கைபேசி எண்ணையும் மாற்ற வேண்டும். அட்மின் சென்டருக்குள்ளேயே வராமல் டிஎன்எஸ்ஸில் ஒரு வரியை மாற்றினால் உங்கள் மெயில் முழுவதும் வேறிடம் போகும்.

மாற்றம் யார் செய்தது என்று பார்க்க என்ட்ராவின் ஆடிட் லாக் உண்டு. இலவச நிலையில் 7 நாள் பதிவுதான் இருக்கும், பி1 அல்லது பி2 இருந்தால் 30 நாள். ஏதாவது சந்தேகம் வந்தால் அதே வாரத்தில் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்காலத்தில் வேறு சேவைக்கு மாறும்போதும் வரிசை இதே மாதிரிதான்: அங்கே பெட்டிகள், அப்புறம் எம்எக்ஸ், கடைசியில்தான் இங்கிருந்து டொமைனை நீக்குவது. நீக்கும் முன் பயனர்கள், குழுக்கள், பொதுப் பெட்டிகள் எல்லாவற்றின் முகவரியையும் ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காமுக்கு மாற்ற வேண்டும். ஒரே ஒரு பழைய குழுவில் கூடுதல் முகவரியாக உங்கள் டொமைன் ஒட்டிக்கொண்டிருந்தாலும் நீக்க விடாது. அப்படித் தடுத்தால் நீக்கப்பட்ட பயனர்களின் பட்டியலையும் திறந்து பாருங்கள். 30 நாள் வரை அவர்கள் அங்கே இருப்பார்கள்.